எந்தத் தொடரில் வருகிறாள்

சட்டத்தைக் கேட்டால் விடை ஒரு வரியில் வந்துவிடும். ஜப்பானியப் படக்கதை நாயகன் நருட்டோவை நான் வரைந்து விற்றால், அவனைப் படைத்த மசாஷி கிஷிமோட்டோவுக்கும் அவருடைய பதிப்பகத்துக்கும் உரியதை அனுமதியில்லாமல் எடுத்துக்கொண்டேன் என்று பொருள். பழவேற்காடு ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து கையால் இறால் தடவும் ஒரு பெண்ணை வரைந்து விற்றால் அது என் சொந்தப் படைப்பு. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் என் ஆயுள் முழுவதும், அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும் அதை எனக்காகவும் என் வாரிசுகளுக்காகவும் காத்து நிற்கும். ரசிகர் விழா ஒன்றில் இந்த இரண்டு படங்களையும் ஒரே மேசையில் அருகருகே பரப்பி உட்கார்ந்திருந்ததிலிருந்து இந்த விடை என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இரண்டில் எதை நான் உண்மையிலேயே எடுத்தேன், யாரிடமிருந்து எடுத்தேன் என்று யோசிக்கும்போதெல்லாம் சட்டம் சொல்வதும் மனசு சொல்வதும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. விழா முடிந்து, மிஞ்சிய பிரின்டுகளை அட்டைப் பெட்டியில் கட்டி, பாலம் தாண்டி என் ஊரான லைட்ஹவுஸ் குப்பத்துக்கு வந்து சேர்ந்த பிறகும் அது அடங்கவில்லை. இப்போதும் பெட்டி கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது.

டெல்லியில் 2011-ல் தொடங்கிய காமிக் கான் 2024 பிப்ரவரியில்தான் முதன்முதலாகச் சென்னைக்கு, நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்கு வந்தது. அது தவிரச் சின்ன அளவில் அனிமே ரசிகர்கள் கூடும் விழாக்களும் நடக்கின்றன. நான் மேசை எடுத்தது அப்படி ஒன்றில். கூடம் முழுக்கக் குளிர்பதனக் காற்று, அதற்குள் புதுப் பிளாஸ்டிக்கின் வாசனை, சூடான பசையின் வாசனை, செயற்கை முடிக்குள் வியர்த்த தலைகளின் வாசனை. ஃபோம் அட்டையில் வெட்டி வண்ணமடித்த வாள்களைத் தோளில் சாய்த்துக்கொண்டு பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். பக்கத்து மேசையில் பணம் வந்து சேர்ந்ததை அறிவிக்கும் பெட்டி கத்திக்கொண்டே இருக்கும். என் மேசையில் முன்வரிசையில் ஸ்டிக்கரும் கீ-செயினும்; அதற்குப் பின்னால் நருட்டோ, லூஃபி, ஸ்பைடர்மேன்; அதற்கும் பின்னால், நிமிர்ந்து பார்த்தால்தான் தெரியும் உயரத்தில், எங்கள் ஏரிப் படங்கள். முன்னால் இருந்தது விற்றது. மேசை வாடகை, அச்சுச் செலவு, பஸ் காசு எல்லாம் அதிலிருந்துதான் வந்தன. இதைக் குறையாகச் சொல்லவில்லை. வாங்க வந்தவர்கள் முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் அதைக் குறை சொல்ல மாட்டார்கள். நடந்துகொண்டே வருகிறவர் சட்டென்று நிற்பார். கை தானாக நெஞ்சுக்குப் போகும். "அண்ணா, இது அந்த ஃபைட்டுக்கு முன்னாடி வர்ற சீன்தானே?" என்பார். அந்தக் காட்சியை எனக்கே சொல்லிக் கொடுப்பார், கண் பளபளக்க. கலைக்கூடங்களில் என் படங்களின் முன்னால் ஒருவர்கூட அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

ஏரிப் படங்களில் ஒன்று மட்டும் கொஞ்சம் போனது. எங்கள் கரையில் நின்று ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் ஏறுவதைப் பார்க்கும் படம் அது. சந்திரயான்-3 கிளம்பிய 2023 ஜூலை 14 பிற்பகலை மனதில் வைத்து வரைந்தது. வெள்ளைப் புகைக்கோடு மேலே வளைகிறது, கீழே மணலில் படகுகள் ஏறி நிற்கின்றன. வாங்கியவர்கள் எல்லோரும் ராக்கெட்டைப் பற்றிப் பேசினார்கள். படகுகள் ஏன் பட்டப்பகலில் கரையில் கிடக்கின்றன என்று யாரும் கேட்கவில்லை. ஏவும் நாளில் அந்தப் பக்கக் கடலுக்குள் போகக்கூடாது என்பதால் கிடக்கின்றன. நான் வரைந்தது அந்தக் கிடப்பைத்தான். ஆனால் அவர்களுக்குத் தெரிந்தது ராக்கெட். தெரிந்ததன் மேல்தான் கண் போய் உட்காரும், அதில் தவறில்லை. தெரியாத ஒன்று தெரிந்த ஒன்றாக மாறுவது எந்த இடத்தில், எவ்வளவு காலத்தில் என்பதுதான் எனக்குப் பிடிபடாமல் இருந்தது.

கல்லூரியில் படிக்கிற வயதுள்ள ஒரு பெண் இறால் தடவும் பெண்ணின் படத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அண்ணா, இவங்க எந்த சீரிஸ்ல வர்ற கேரக்டர்?" வாயில் எதையோ கவ்விக்கொண்டு தண்ணீருக்கு மேல் முகம் மட்டும் தெரியும் அந்த உருவம் அவளுக்கு ஒரு நிஞ்சா வீராங்கனையாகத் தோன்றியிருக்க வேண்டும். "பழவேற்காடு" என்றேன். "தமிழ்லயா? எதுல பாக்கலாம்?" என்று ஆவலோடு போனை எடுத்தாள். அவள் கேட்டதில் விளையாட்டே இல்லை, பார்க்க வேண்டும் என்று மெய்யாகவே விரும்பினாள். அது தொடர் இல்லை, ஊர் என்று சொன்னதும் ஒரு கணம் என்னைப் பார்த்தாள், "ஓ" என்றாள், நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு அந்தக் கேள்வியை அறியாமையாக எடுத்துக்கொள்ள எனக்கு வசதியாக இருந்திருக்கும். அப்படி எடுக்க முடியவில்லை. எந்தத் தொடரில் வருகிறாள்? எதிலும் வரவில்லை. அதுதான் விஷயம். கிஷிமோட்டோ 1999-லிருந்து 2014 வரை 700 அத்தியாயங்கள் வரைந்தார். 1997-ல் தொடங்கிய ஒன் பீஸை எயிச்சிரோ ஓடா இன்னும் முடிக்கவில்லை. அந்தப் பெண் அதன் நாயகன் லூஃபியின் முன்னால் நெஞ்சில் கைவைத்து நின்றால், அவள் பள்ளிக்கூடம் போய், தோற்று, ஜெயித்து, வீடு மாறி, யாரையோ இழந்து வளர்ந்த ஆண்டுகள் எல்லாவற்றிலும் அவன் கூடவே வந்திருக்கிறான். என் மேசையில் அவள் காசு கொடுத்து எடுத்துப் போவது அந்த ஆண்டுகளின் ஒரு துண்டு. என் கோட்டின் அழகுக்கு அதில் பங்கு குறைவு. தமிழிலும் இது நடந்திருக்கிறது. 1972-ல் முத்து காமிக்ஸ் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவி பிறந்தது இங்கிலாந்தில். சிவகாசியில் அச்சாகி, வாடகை நூலகங்களில் மூலை மடங்கிக் கைமாறி, ஒரு தலைமுறைக்கு அவன் சொந்தக்காரனாகவே ஆகிப்போனான். யாரும் அவனிடம் ஊர் கேட்கவில்லை. மாதாமாதம் வந்துகொண்டிருந்தான், அது போதுமாக இருந்தது.

எங்கள் ஏரிப் பெண்ணுக்கு யார் அப்படி மாதாமாதம் இடம் கொடுத்தார்கள்? அவள் ஆவணப்படங்களில் அரை நிமிடம் வருகிறாள். துறைமுகம், சாம்பல், முகத்துவாரம் அடைபடுவது பற்றிய அறிக்கைகளின் அட்டையில் வருகிறாள். எல்லாம் வேண்டிய வேலைதான், செய்கிறவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் எல்லாவற்றிலும் அவள் ஒரே ஒரு முறை குனிந்தபடி இருக்கிறாள், எதற்கோ சாட்சியாக. அடுத்த பக்கத்தில் அவள் இல்லை. என் படமும் அதைத்தான் செய்தது.

அந்த வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு ஒரு படம் போதாது என்று தெரியும். பனை ஓலையில் பின்னிய பறி, வாய் குறுகி வயிறு அகன்றது. அதன் விளிம்பையோ கயிற்றையோ பல்லால் கவ்விக்கொள்கிறார்கள், இரண்டு கையும் வேண்டும் என்பதால். சேற்றில் முழங்கால் ஊன்றி, உள்ளங்கைகள் இரண்டையும் விரித்து அடிமண்ணைத் தடவிக்கொண்டே பின்னாலோ பக்கவாட்டிலோ நகர்கிறார்கள். இறால் சேற்றுக்குள் கொஞ்சம் குழிந்து கிடக்கும். விரல் பட்டதும் பின்னோக்கிச் சுண்டும், சுண்டுகிற திசையில் மற்றக் கை ஏற்கெனவே காத்திருக்க வேண்டும். கண்ணுக்கு அதில் வேலையே இல்லை. தண்ணீர் மோவாய் வரைக்கும் வரும்போது மூச்சு மூக்கில்தான், பேச்சு கிடையாது. வாயில் பறி. அதனால்தான் தூரத்தில் நின்று பார்க்கிறவர்களுக்கு அது அமைதியான காட்சியாகத் தெரிகிறது. ஒரு இறால் பறிக்குள் விழுந்ததும் கழுத்து நரம்பு ஒருமுறை இழுத்து விடுவதைத் தூரத்திலிருந்து பார்க்க முடியாது. கரையேறியதும் விரல்களை விரித்துக் காட்டச் சொன்னால், ஆளியும் கிளிஞ்சலும் கீறிய கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும். புதுக் கீறல் வெள்ளையாக, பழையது கறுத்து. உப்புத் தண்ணீரில் ஊறிய தோல் நுனியில் சுருங்கியிருக்கும். அந்தக் கையை வரையக் கற்றுக்கொள்ளவே எனக்கு வெகுகாலம் ஆனது.

இந்த இடத்தில் நான் யார் என்பதும் வருகிறது. குப்பத்து மீனவ வீட்டில் பிறந்தவன். எங்கள் ஆட்களிடையே ஏரியில் பாடு உண்டு. முகத்துவாரத்தை ஒட்டி நீரோட்டம் உள்ள பகுதிகளில் இறால் வலை கட்டும் இடங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்காது. ஒரு இடத்தில் அள்ளும், இன்னொரு இடத்தில் வலை வெறுமனே நனையும். அதனால் சீட்டுப் போட்டு, முறை வைத்து, இன்று நல்ல இடம் பெற்றவன் நாளைக்கு அடுத்த இடத்துக்குப் போவான். ஆராய்ச்சி செய்ய வருகிறவர்கள் எல்லோரும் மெச்சுகிற ஏற்பாடு இது, நானும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். விழாக் கூடத்தில் நுழைவாசலுக்கு எதிரே உள்ள மேசைக்கு ஒரு வாடகை, கழிப்பறைப் பக்கத்து மேசைக்கு ஒரு வாடகை என்று பார்த்தபோது பாடுதான் நினைவுக்கு வந்தது. இங்கேயும் சீட்டுப் போட்டால் என்ன என்று தோன்றியது. ஆனால் நினைப்பை அதோடு நிறுத்த முடியவில்லை. பாடு முறை வைத்திருப்பது உரிமை உள்ள தலைக்கட்டுகளுக்கு இடையேதான். கையால் தடவி இறால் எடுக்கும் இருளர்களுக்கு அந்தச் சீட்டில் பெயர் இல்லை. வலை கட்டும் இடமெல்லாம் பங்கிட்டு முடிந்த பிறகு மிஞ்சுகிற ஆழமில்லாத தண்ணீரில் அவர்கள் முழங்கால் ஊன்றுகிறார்கள். அப்படியென்றால் அந்தப் படத்தை "எங்கள் ஏரிப் பெண்" என்று நான் சொல்லும்போது அந்த "எங்கள்" யாரைச் சேர்த்தது?

அடுத்தவர் விரும்பும் உருவத்தை வரைந்து விற்பது இந்தக் கரைக்குப் புதிதும் இல்லை, அதனால் நருட்டோவை வரைவதில் எனக்குக் கூச்சமும் இல்லை. டச்சுக்காரர்கள் 1613-ல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டி, 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கரை வியாபாரத்தை இங்கிருந்துதான் நடத்தினார்கள். வியாபாரம் என்றால் முதன்மையாகத் துணி. கடுக்காயும் எருமைப்பாலும் ஊட்டிய துணியில், படிகாரமும் இரும்புக் கரைசலும் மூங்கில் எழுதுகோலால் தீட்டி, சாயவேரில் கொதிக்கவைத்து, நீலத்துக்கு மெழுகு பூசி மூடி வண்ணம் ஏற்றுவார்கள். அந்தத் துணியில் என்ன பூ, எப்படிப்பட்ட மரம் என்பதை வாங்குகிற சந்தைகள் முடிவு செய்தன. மாதிரிப் படங்கள் கப்பலில் வந்தன. டச்சுக் கம்பெனி ஊழியர் டேனியல் ஹாவார்ட் 1693-ல் வெளியிட்ட நூலில், பொறுமையை யாராவது சித்திரமாக வரைய விரும்பினால் பாலகொல்லு ஊர்த் துணி ஓவியன் ஒருவனை வரைந்தால் போதும் என்ற கருத்தில் எழுதியிருக்கிறார். தான் பார்த்தே இராத பூவுக்கு அந்தக் கை நரம்பு வரைந்தது, இலைக்குள் இலை வைத்தது. அந்தத் துணிகள் இன்று ஆம்ஸ்டர்டாம் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்திலும் லண்டன் விக்டோரியா-ஆல்பர்ட்டிலும் கண்ணாடிக்குள் இருக்கின்றன. கட்டம் போட்ட பழவேற்காட்டுக் கைக்குட்டையின் பெயரைப் பிறகு ஸ்காட்லாந்துக்காரர்கள் தாங்கள் நெய்த துணிக்கே வைத்துக்கொண்டார்கள். தீட்டியவர்கள் பெயர் எங்கும் இல்லை. அவர்கள் தங்கள் வீட்டுக்கென்று, யாரும் மாதிரி அனுப்பாமல், எதையாவது வரைந்தார்களா என்று நினைத்துக்கொள்வேன். வரைந்திருந்தால் அது வெளுத்துக் கிழிந்து போயிருக்கும், காத்து வைக்க யாரும் காசு கொடுத்திருக்க மாட்டார்கள்.

டோக்கியோவில் 1975 டிசம்பரில் தொடங்கிய காமிக்கெட் விழாவில் ரசிகர்கள் தாங்களே வரைந்த புத்தகங்களை விற்கிறார்கள். அவற்றில் பெரும்பகுதி அடுத்தவர் பாத்திரங்களை வைத்து வரைந்தது. பதிப்பகங்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. கண்டுகொள்ள நினைத்தால் அவர்களிடம் வக்கீல் உண்டு, பணம் உண்டு. அதாவது நான் எடுத்ததாகச் சொல்லப்படும் படத்துக்குச் சொந்தக்காரர் என்னை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், நிறுத்தாமல் இருப்பது அவருடைய பெருந்தன்மை. என்னுடையது என்று சொல்லப்படும் படத்தில் இருப்பவருக்கு அந்தப் பெருந்தன்மையைக் காட்டும் வாய்ப்பைக்கூட நான் கொடுக்கவில்லை. அவருக்குத் தெரியவே தெரியாது. இதை எண்ணித்தான் இரண்டு பிரின்டுகளையும் எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போனேன். முகம் பலருடையது, ஆனால் அந்தக் குனிவு அவருடையது. என்னைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர். ஈரப் புடவையைப் பிழிந்து கட்டிக்கொண்டு, அலுமினியத் தட்டில் இறாலைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்.

அவர் முதலில் எடுத்தது நருட்டோவை. "யார் தம்பி இது? கன்னத்துல இன்னா கோடு, பூனை கணக்கா?" என்றார். பிறந்த அன்றைக்கே அவனுக்குள் ஒரு நரி அரக்கனை அடைத்துவிட்டார்கள், ஊர் அவனிடம் ஒட்டாமல் ஒதுக்கி வைத்தது என்றேன். பிரிக்கிற கை நின்றது. "ஊர்ல சேக்கலையா?" "சேக்கல அக்கா." "ஆயி அப்பன்?" "அன்னைக்கே போயிட்டாங்க." "அப்புறம்?" அந்த ஊருக்கே தலைவனாக வருவேன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறான் என்றேன். "ஆனானா?" "ஆனான். கதை முடியப் பதினஞ்சு வருசம் ஆச்சு." அவர் தலையை ஆட்டினார். அவ்வளவு காலம் ஆகும் என்பதில் அவருக்கு வியப்பே இல்லை. பிறகும் விடவில்லை. சோறு யார் போட்டார்கள், கூட நின்றது யார், ஒதுக்கினவர்கள் பிறகு என்ன சொன்னார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கூடத்தில் நெஞ்சில் கைவைத்து நின்ற பிள்ளைகளுக்கும் இவருக்கும் இடையில் நான் ஒரு வித்தியாசமும் காணவில்லை. அதன் பிறகுதான் மற்றப் படத்தை எடுத்தார். "இது நானா?" "உங்கள மாதிரி ஒருத்தவங்க." கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்புறம்?" என்றார். அதே குரலில், அதே எதிர்பார்ப்போடு. நருட்டோவுக்கு என்னிடம் 700 அத்தியாயம் இருந்தது. இந்தப் படத்துக்கு அடுத்து என்ன என்று சொல்ல என்னிடம் ஒரு வரி இல்லை.

விற்றதில் பாதி தர வேண்டும் என்று நினைத்துப் போயிருந்தேன், சொன்னேன். மறுக்கவும் இல்லை, பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. "நீ குடுப்ப தம்பி. கேமரா எடுத்துக்கினு வர்றவங்கள யாரு போய்க் கேக்கறது?" என்றார். பூநாரை வரும் காலத்தில் பறவை பார்க்க வருகிறவர்களின் படகு தடவுகிறவர்களின் பக்கமாகவும் போகும், லென்ஸ் அந்தப் பக்கமும் திரும்பும். எனக்கு அவரிடம் கேட்க வேண்டியது வேறொன்று என்று அதற்குள் புரிந்திருந்தது. நீங்கள் சொன்னால் நான் தொடராக வரைகிறேன் என்றேன். இது எனக்கு வசதியான முடிவோ என்ற சந்தேகம் இப்போதும் இருக்கிறது. அவருடைய நாட்களை எடுத்து அத்தியாயமாக்கி விற்பது முன்பு எடுத்ததைவிடக் கூடுதலாக எடுப்பதுதானே. ஒரு படத்தில் அவர் குனிவை எடுத்தேன், தொடரில் வீட்டையும் பேச்சையும் எடுப்பேன். அவர் பாத்திரமாகி, ஸ்டிக்கராகி, யாரோ ஒருவருடைய சாவிக்கொத்தில் பறியைக் கவ்விக்கொண்டு தொங்கினால் அது அன்பா, இன்னொரு வகை அள்ளலா? இதற்கு நான் கண்ட ஒரே வழி, என்ன வர வேண்டும் என்பதை அவர் சொல்வது. சட்டத்திலும் கூட்டுப் படைப்புக்கு இடம் இருக்கிறது, இரண்டு பேரும் படைப்பாளிகளாக இருக்கலாம்.

முதல் அத்தியாயத்துக்கு நான் மனதில் வைத்திருந்தது ஏரி, விடியல், தண்ணீருக்கு மேல் ஒரு முகம். அவர் வேண்டாம் என்றார். தராசில் தொடங்கச் சொன்னார். இறாலை எடை போடுகிற ஆள் தட்டில் கட்டைவிரலை எப்படி வைக்கிறான், ஈரம் என்று எவ்வளவு கழிக்கிறான், முன்பணம் வாங்கினவளிடம் எப்படி ஒரு விலை, வாங்காதவளிடம் எப்படி ஒரு விலை என்று கையை வைத்தே நடித்துக் காட்டினார். நான் கேட்காத எத்தனையோ விஷயம் அதில் இருந்தது. பத்துப் பக்கம் பென்சிலில் போட்டுக் காட்டினேன். தராசின் சங்கிலி இன்னும் கீழே தொங்க வேண்டும் என்று விரலால் காட்டித் திருத்தினார். அட்டையில் என் பெயரோடு அவர் பெயரையும் போட வேண்டும் என்று அன்றைக்குத்தான் சொன்னேன். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர் யோசித்தார். "பேரப் போட்டா எடை போடறவன் பாப்பானே தம்பி. நாளைக்கு நான் எவங்கிட்டப் போய்க் கொட்டறது?" என்றார். பெயர் போடாமல் விட்டால் துணி தீட்டியவர்களுக்கு நடந்ததையே நானும் செய்கிறேன். போட்டால் அவருடைய இறாலை வாங்க ஆள் இருக்காது. பத்துப் பக்கமும் அட்டையில்லாமல் இருக்கின்றன, அடுத்த அத்தியாயத்துக்கு அவர் சொன்னதைக் குறித்து வைத்திருக்கிறேன்.